பெட்டிக்குள்ளிருந்து வந்த பெருமாள்

ஜெனோரா கம்பெனிக்காரர்கள் ஊருக்குள் வருகிற எல்லாச் சாலைகளிலும் விளம்பரப் பலகை நட்டு, அந்தப் பலகைகளிலெல்லாம் நீலச் சட்டையும் சிவப்பு டையும் போட்ட ஒருவனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெயிலென்றும் புழுதியென்றும் பாராமல் அவனைச் சிரிக்கவைத்திருந்த கோடையில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்திவந்த, தனக்கு மட்டும் கல்யாணம் முடிக்காத செண்பகவல்லி, கூடப்பிறந்த தம்பியே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும்போது, கம்பெனிக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டாள்.

தம்பி அய்யாத்துரை மதுரைக்குப் போய் உதிரிச் சாமான்களை வாங்கிவந்து, கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறவன். அக்காள் கடைக்குப் பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டதும், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே மாடியேறி வந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா," என்றான். "உள்ள இருக்கதெல்லாம் நான் போடுத அதே சாமான்தான். மெமரிய ஒருத்தன் செய்யுதான், டிஸ்க்க இன்னொருத்தன் செய்யுதான். இவன் எல்லாத்தையும் வாங்கிப் பூட்டி மேல பேர ஒட்டுதான். நான் பேர ஒட்டாம விக்கேன். அதுதான் வித்தியாசம்."

"நீ பூட்டிக் குடுத்ததத் தொட்டா ஷாக் அடிக்குது. போன வாரம் ஒரு மாப்பிள்ளையோட அப்பா அது மேல கைய வச்சுட்டு, சகுனம் சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அது எர்த் இல்லாததால. இந்தக் கட்டடத்துல எர்த்தே கிடையாது."

"கட்டடத்த மாத்த முடியாது துரை. கம்ப்யூட்டர மாத்தலாம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் மையத்துக்கு வருகிறவர்கள் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு, பையன் என்ன வேலை, பெண் என்ன நிறம் என்று கேட்பார்கள். இப்போதோ உட்காருவதற்கு முன்பே "கம்ப்யூட்டர்ல பாத்தாச்சா?" என்று கேட்டார்கள். அய்யாத்துரை பூட்டிய பெயரில்லாத பெட்டியைக் காட்டினால் அதைச் சுற்றிவந்து பார்த்து, இது எந்தக் கம்பெனி என்றார்கள். என் தம்பி கம்பெனி என்று அவள் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்தது. நாலு பேருக்குத் தெரிந்த பெயர் பெட்டியில் இருந்தால் அது பார்த்துச் சொல்கிற பொருத்தத்துக்கும் ஒரு மதிப்பு வருகிறது என்பதை அவள் அந்த முகங்களைப் பார்த்தே படித்துக்கொண்டாள்.

"பேரப் பாத்து வாங்குத. பெறகு ரிப்பேர்னு எங்கிட்ட வந்து நிக்காத," என்று சொல்லிவிட்டு அய்யாத்துரை படியிறங்கிப் போனான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பெட்டியை அவளே பிரித்தாள். மேலே தெர்மாகோல் இருந்தது, அதற்கடியில் கீபோர்டும் மவுசும், அவற்றுக்கடியில் மானிட்டரும் கேபிள்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், மூச்சுவிட ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறைக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு நீலச் சட்டையும் சிவப்பு டையுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். உறையைக் கிழித்ததும் அவர் எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மேசைக்கு இடதுபக்கமாகப் போய் நின்று, பல் தெரியச் சிரித்து, "எதிர்காலத்தை இன்றே வரவேற்போம்," என்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிளக்கு அங்கனதான் இருக்கு," என்றாள் செண்பகவல்லி.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் நகராமல் அங்கேயே சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடி முடிந்ததும் ஒரு பெண் பேசினாள்.

"பெட்டிக்குள்ள ஒருத்தர் இருந்தாரும்மா. நீலச் சட்டை."

"சிரிக்கிறாரா மேடம்?"

"சிரிச்சுக்கிட்டேதான் இருக்காரு."

"அப்படியென்றால் தயாரிப்பு நல்ல நிலையில் இருக்கிறது மேடம். வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

செண்பகவல்லி யோசித்துவிட்டு, "சாப்பாடு குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"அது பற்றிய தகவல் எங்களிடம் இல்லை மேடம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

அவள் கீழே டீக்கடையிலிருந்து ரெண்டு பன்னும் ஒரு டீயும் வாங்கிவரச் சொன்னாள். அவர் சிரித்தபடியே சாப்பிட்டார். சிரித்துக்கொண்டே டீ குடிப்பது லேசான காரியமில்லை. பாதி டீ டை மேல் வழிந்தது. டீ கொண்டுவந்த வேலாயுதம், ஆள் யாரு என்று கேட்டதற்கு, அவள் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த மாடலின் பெயரைப் பார்த்து "பிரைமோ" என்று படித்துச் சொன்னாள். வேலாயுதத்தின் காதில் அது பெருமாள் என்று விழுந்தது. சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பெருமாள் என்றே ஆகிவிட்டது.

பெருமாளுக்கு அட்டைப்பெட்டியின் நாலு பக்கத்திலும் என்ன அச்சடித்திருந்ததோ அது மட்டும்தான் பேச வந்தது. ஆனால் கோவில்பட்டியில் அன்றாடம் பேசிக்கொள்வதற்கு அதுவே போதுமானதாக இருந்தது என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. காலையில் யாராவது வணக்கம் சொன்னால், "எளிமை, வேகம், மகிழ்ச்சி," என்பார். டீக்கடைப் பின்கட்டில் வேலாயுதம் குளிக்கத் தண்ணீர் மொண்டு ஊற்றியபோது, "ஈரம் படாமல் வைக்கவும்," என்றார். ஊற்றி முடித்துத் தலை துவட்டிவிட்டதும், "இந்தப் பக்கம் மேலே," என்று வானத்தைக் காட்டினார். நீங்க எந்த ஊரு, என்ன ஆளுக, யாரு வகையறா என்று வருகிறவர்களெல்லாம் நைசாக விசாரித்தபோது, ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் நம்பிக்கை, எங்கள் பெருமை," என்று சொன்னார். கேட்ட ஒவ்வொருவரும் அவர் தங்கள் ஆள்தான் என்று திருப்தியோடு எழுந்து போனார்கள். இத்தனை வகையறாக்காரர்களும் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அந்த ஊரில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மையத்துக்குக் கூட்டம் வந்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று பெருமாள் சிரிக்கிற சிரிப்பில், முதலில் பெண்ணின் சித்தப்பா இளகுவார், பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் இளகுவார், அப்படியே ஒருவர் பின் ஒருவராக இளகி, கடைசியில் நகை எவ்வளவு என்கிற பேச்சை யாரும் எடுக்காமலே காபி குடித்துவிட்டுப் போனார்கள். கல்யாண வீடுகளில் வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் அவரை நிறுத்தினார்கள். போட்டோவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் ஒருவர் சரியாக இருந்தார்.

இதையெல்லாம் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? பலசரக்குக் கடை ராசாமணி அண்ணாச்சி ஒரு ஜெனோரா வாங்கினார். அதிலிருந்தும் ஓர் ஆள் வந்தார். அதே நீலச் சட்டை, அதே சிவப்பு டை, அதே சிரிப்பு. டுட்டோரியல் கல்லூரியில் வாங்கினார்கள், பல் டாக்டர் வாங்கினார், வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாதவர்களும் வாங்கினார்கள். தெருவில் எதிரெதிரே வருகிற இரண்டு நீலச் சட்டைக்காரர்கள், எந்நேரமும் சிரித்த முகமாக இருந்ததால், ஒருவரையொருவர் கண்டு சந்தோஷப்படுகிறார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அடையாளம் சொல்வதற்கு அண்ணாச்சி வீட்டுப் பெருமாள், டாக்டர் வீட்டுப் பெருமாள் என்று வீட்டுப்பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் போனதும் அதுவும் தேவைப்படவில்லை. அண்ணாச்சி வீட்டுப் பெருமாளுக்குத் தொப்பை விழுந்து, தராசுத் தட்டைச் சுண்டுவிரலால் அழுத்துகிற பழக்கமும் வந்துவிட்டது. டுட்டோரியல் பெருமாள் காதில் எப்போதும் சாக்பீஸ் சொருகியிருந்தார். சிரிப்பு ஒன்றுதான் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தது, அச்சில் வார்த்ததைப் போல, ஒரு பல் கூடவோ குறையவோ இல்லாமல்.

அய்யாத்துரையின் கடைக்கு ஆள் வருவது நின்றது. "நீ பூட்டிக் குடுக்கதுல ஆள் வருமா?" என்று கேட்டார்கள். "ஆள் வராது, ஆனா மெமரி கூடுதலாப் போட்டுத் தாரேன்," என்று அவன் சொன்னதற்கு, மெமரியை வாசலில் நிறுத்திப் பன்னீர் தெளிக்கச் சொல்ல முடியுமா என்றார்கள். அவன் கடையைப் பாதியாகத் தடுத்து, முன்பாதியில் செல்போனுக்கு உறை விற்றான். செண்பகவல்லி அந்த வழியாகப் போகும்போது எதிர்ச்சாரிக்கு மாறிப்போய்விடுவாள். போனாலும், தம்பி கடையில் விளக்கு எரிகிறதா என்று அவள் பார்க்காமல் போனதில்லை.

கம்ப்யூட்டர்தான் சரியில்லை. முதலில் ஜாதகத்தைத் திறக்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம் எடுத்தது. பிறகு ஒரு சாப்பாடு சாப்பிடுகிற நேரம் எடுத்தது. யாரும் கேட்காமலே திரையில் ஜன்னல்கள் திறந்து, அதை வாங்கு, இதைப் புதுப்பி என்று நச்சரித்தன. வாங்கிய எல்லோருடைய கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஆகியிருந்தது என்றாலும், பக்கத்தில் பெருமாள் சிரித்துக்கொண்டு நின்றதால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகிற சமயத்தில் ஒருநாள் செண்பகவல்லியின் கம்ப்யூட்டர் ஒரு முறை பெருமூச்சு விட்டு அணைந்தது. திறந்து பார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதன் முதுகில் ஒட்டியிருந்ததால், அவள் திறக்கவில்லை. தம்பியைக் கூப்பிட வாய் வரவில்லை. கம்பெனியின் சேவை மையத்துக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அது புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே ஒரு ஜாதகம்கூட இல்லை.

இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பிள்ளைகளும் பெண்களும், அவர்களுடைய நட்சத்திரமும் படிப்பும் வேலையும், கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றவர்களும், மாமியார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்றவர்களும், எல்லோரும் போய்விட்டார்கள். வெறும் திரைக்கு முன்னால் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெருமாள் சிரித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்காதீங்க," என்றாள்.

"எளிமை, வேகம், மகிழ்ச்சி," என்றார் அவர்.

"ஒங்களத்தான் சொல்லுதேன். எங்கிட்ட வந்த பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மனுசனா இருந்தா இதப் பாத்துட்டுச் சிரிப்பு வருமா?"

நிமிர்ந்து பார்த்த செண்பகவல்லி, அவர் வாய் அதே அளவுக்கு விரிந்திருக்க, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கி, சிரிப்பின் இரண்டு ஓரங்களிலும் தேங்கி, மோவாயில் சொட்டுவதைக் கண்டாள். எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுது அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் அழுவதற்கு ஒரு முகம் இருந்தது. இவருக்கு அதுகூட இல்லை என்று அவளுக்குப் பட்டது. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் இருவருமாகப் புறப்பட்டு, வீடு வீடாகப் போய் ஜாதகங்களைத் திரும்ப வாங்கினார்கள். இலுப்பையூரணிக்கும் நாலாட்டின்புத்தூருக்கும் நடந்தார்கள். கழுகுமலைக்குப் பஸ்ஸில் போனார்கள். எங்கே போனாலும் செண்பகவல்லி நடந்ததைச் சொல்ல, வீட்டுக்காரர்கள் ஏச வாயைத் திறக்க, பெருமாளைப் பார்த்ததும் வாயை மூடி, உள்ளே போய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கரிசல் காட்டில் வெயில் காந்துகிற ஒரு மத்தியானம், நிழலுக்கு ஒரு வேம்புகூட இல்லாத பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, பெருமாள் டையைக் கொஞ்சம் தளர்த்தி, சிரித்தபடியே, யாரும் எந்தப் பெட்டியிலும் அச்சடித்திராத ஒன்றைச் சொன்னார்.

"சரியான வேக்காடு."

செண்பகவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா," என்றாள். பிறகு, குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தாள்.

அதன்பின் அவருக்குப் பேச்சு வந்தது. முதலில் வெயிலைப் பற்றியும், அடுத்தாற்போல் சாப்பாட்டைப் பற்றியும், அப்புறம் மையத்துக்கு வருகிற ஆட்களைப் பற்றியும் பேசினார். ஆள் போன பிறகு, "அந்தப் பையன் பேசும்போதெல்லாம் அவுக அம்மா மூஞ்சியவே பாக்கான், வேண்டாம்," என்பார். சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சிரித்த முகத்தோடு சொன்னதால் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தவள், பிறகு முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெனோரா கம்பெனி அந்த மாடலைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பேப்பரில் முழுப்பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வேன் வரும், பெட்டியில் வந்த அனைத்தையும் ஒப்படைத்துவிட்டுப் புது மாடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த நத்தையைக் கட்டிக்கொண்டு அவர்களும் எத்தனை நாள்தான் மாரடிப்பார்கள்? செண்பகவல்லிக்கு மட்டும் விளம்பரத்திலிருந்த ஒரு சொல் உறுத்தியது. போன் போட்டாள்.

"அனைத்தும்னா?"

"கீபோர்டு, மவுஸ், கேபிள், நபர், எல்லாம் மேடம்."

"நபர என்ன செய்வீங்க?"

"மறுசுழற்சி மேடம். சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பான முறையில் பாகம் பாகமாகப் பிரிப்போம்."

"நாங்க தரலன்னா?"

"உத்தரவாதம் முடியும்வரை தயாரிப்பு நிறுவனத்துக்கே சொந்தம் மேடம். நபரின் பின்கழுத்தில் எங்கள் முத்திரை ஒட்டியிருக்கும். அது பிரிந்திருந்தால் மட்டும்தான் நாங்கள் எடுக்க மாட்டோம். அதனால் தயவுசெய்து முத்திரையைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்தால் நீங்களே காலம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும்."

"பிரிச்சா அவருக்கு என்ன ஆகும்?"

"இதுவரை யாரும் பிரித்ததில்லை மேடம். அது பற்றிய தகவல் எங்களிடம் இல்லை."

அவள் போனை வைத்துவிட்டு, எழுந்துபோய், பெருமாளின் சட்டைக் காலரை மடக்கிப் பார்த்தாள். பளபளவென்று வெள்ளித்தாளில் ஒரு முத்திரை, கட்டைவிரல் அகலத்துக்கு, தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. அதைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது.

"இது ஒங்களுக்கு வலிக்கா?"

"வலியில்ல. அரிப்பு," என்றார் பெருமாள். "வந்த நாள்லேருந்தே அரிக்கு."

நடந்ததையெல்லாம் அவரிடம் மறைக்காமல் சொன்னாள். பிரித்தால் உயிருக்கே ஏதும் ஆகலாம், பிரிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வேன் வரும் என்றாள். இன்னொன்றும் மனசுக்குள் ஓடியதை, சொல்லக் கூச்சமாக இருந்தும் சொன்னாள்: அந்தச் சிரிப்பு போய்விட்டால் மையத்துக்குக் கூட்டமும் போய்விடும். பெருமாள் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிரிச்சிருங்க," என்றார்.

செண்பகவல்லி அவரை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, இத்தனை நாள் மாறிப்போகிற எதிர்ச்சாரிக்கு மாறாமல், நேரே அய்யாத்துரையின் கடைக்குள் நுழைந்தாள். செல்போன் உறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவன் எழுந்திருக்கவில்லை.

"ரிப்பேரா?" என்று கேட்டான்.

"ஆமா. நீ வராதன்னு சொன்ன. வந்துட்டேன்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காரச் சொல்லு."

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காலரை மடக்கிப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். வைத்தான். கத்தியை எடுத்தான். அதையும் வைத்தான்.

"கம்ப்யூட்டர்னா கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பேன்க்கா. கெட்டுப்போனா வேற பூட்டிக் குடுத்துருவேன். ஆளுக்கு வேற சாமானுக்கு எங்க போவேன்?"

"தள்ளு," என்றாள் செண்பகவல்லி. பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து, புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை எடுக்க எப்படித் தடவுவாளோ அப்படியே முத்திரையைச் சுற்றி விரலால் தடவி, ஊறவிட்டு, மறுபடியும் தடவினாள். "ஈரம் படாமல்," என்று பழைய பழக்கத்தில் தொடங்கிய பெருமாள் பாதியில் நிறுத்திக்கொண்டார். அய்யாத்துரை மேசை விளக்கைத் தணித்துப் பிடித்தான். முத்திரையின் ஓரம் லேசாக நெகிழ்ந்தது. அவள் நகத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இழுத்தாள். அது முழுதாக அவள் கையோடு வந்தது.

பெருமாளின் தலை முன்பக்கம் சாய்ந்தது. அய்யாத்துரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே," என்று உலுக்கினான். அந்த ஆள் வந்ததால்தான் தன் கடை படுத்தது என்று அதுவரை கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தவன், இப்போது யாரையாவது வேண்டிக்கொள்ளவேண்டும் போலிருந்து, யாரை என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தான். செண்பகவல்லி கையில் முத்திரையோடு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பெருமாள் தலையை நிமிர்த்தினார். அவருடைய சிரிப்பு, சாயங்காலம் கடைக்காரர் இழுத்து இறக்குகிற ஷட்டர் மாதிரி, முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமுமாக இறங்கி மூடிக்கொண்டது. உள்ளே இருந்தது நாற்பதைக் கடந்த ஒருவரின் முகம். களைத்த, கொஞ்சம் கோபம் மிஞ்சிய, ஆனால் பார்த்தால் பேசலாம் என்று தோன்றுகிற முகம். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கன்னம் வலிக்கு," என்றார்.

செண்பகவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, அவள்தான் சிரித்தாள்.

செய்தி பரவ நேரமாகவில்லை. முதலில் வந்தது ராசாமணி அண்ணாச்சி. "எங்க வீட்டு ஆள வேன்ல ஏத்தணும்னு சொல்லுதாங்க. பிள்ளைக சோறு தின்ன மாட்டேங்கு," என்று சொல்லிக்கொண்டே, பின்னால் நின்ற தொப்பைப் பெருமாளை முன்னால் தள்ளினார். அடுத்து டுட்டோரியல்காரர் வந்தார். பல் டாக்டர், இப்படி ஒரு சிரிப்பை இழக்க மனசு வரவில்லை என்று வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, வந்தார். வியாழக்கிழமை முழுக்க அய்யாத்துரையின் கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, கையில் தேங்காய் எண்ணெயும் பக்கத்தில் ஒரு நீலச் சட்டையுமாக ஊர் வரிசையில் நின்றது. வேலாயுதம் வரிசைக்கே டீ கொண்டுவந்தார். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு சிரிப்பாக இறங்கியது, இறங்கியதும் ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் தன்னை வாங்கிய வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒமக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்காவே? ஒருநாளாவது உக்காருன்னு சொன்னீரா?" என்று சண்டைக்குப் போனார். வீட்டுக்காரரும் பதிலுக்குக் கத்தினார். கத்திவிட்டு இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய் தடவி ஓய்ந்த கையோடு அய்யாத்துரை நிமிர்ந்து பார்த்தபோது, அதுவரை ஒன்றுபோல இருந்த அந்த முகங்களில் ஒன்றுக்கொன்று ஒப்பு இல்லாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை வேனோடு மண்டல மேலாளர் ஒருவர் வந்து இறங்கினார். காலர் காலராக மடக்கிப் பார்த்தார். கழுத்துகளில் எண்ணெய்தான் மினுங்கியது. யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தொப்பைப் பெருமாள் அவரிடம், "வேன நகத்துங்க, யாவாரத்துக்கு எடஞ்சலா இருக்கு," என்றார். மேலாளர், இவை எங்கள் தயாரிப்பு அல்ல என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, காலி வேனை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் போனார்.

உத்தரவாதம் போன கம்ப்யூட்டர்களை எல்லோரும் அய்யாத்துரையிடமே கொண்டுவந்தார்கள். அவன் அவற்றைத் திறந்து, உள்ளே தான் போடுகிற அதே சாமான்கள்தான் இருக்கின்றன என்று ஒவ்வொருவருக்கும் காட்டி, மெமரி கூட்டிப் பூட்டிக் கொடுத்தான். அவன் பூட்டியவை வேகமாக ஓடின. தொட்டால் முன்போலவே லேசாக ஷாக் அடித்தது. செண்பகவல்லியின் மையத்துக்கு அவள் பயந்த மாதிரியே ஒரு மாதம் கூட்டம் குறைந்தது. பிறகு, அங்கே ஒருத்தர் சிரிக்காமல் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறார் என்று பேச்சுப் பரவி, சாத்தூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண்ணின் தாய், இவருக்கே ஒரு இடம் பார்க்கக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போக, செண்பகவல்லி கடமைக்குக் கம்ப்யூட்டரில் அவருக்கும் ஒரு பக்கம் திறந்தாள். சொந்த ஊர் என்ற இடத்தில் கோவில்பட்டி என்று அடித்தாள். நட்சத்திரத்தை விட்டுவிட்டாள். எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்று, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கோவம் வந்தா மூஞ்சிக்கு நேரா கோவப்படணும். வெயில்ல போனா குடைய ரெண்டு பேருக்கும் பொதுவாப் பிடிக்கணும்," என்றார் பெருமாள்.

அவள் அதை அடித்து முடித்து, சேமித்தும் வைத்தாள். ஆனால் வருகிறவர்கள் யாருக்கும் அந்தப் பக்கத்தை அவள் திறந்து காட்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாத்தூரிலிருந்து தாமோதரன் என்று ஒரு வாத்தியார், கணக்கு எடுக்கிறவர், மகளுக்கு ஜாதகம் கொடுக்க வந்தவர், போகும்போது வாசற்படியில் தயங்கி நின்று, மகள் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கவேண்டியிருக்கிறது, பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கலாமா, ஆள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாமா, எதுதான் நல்லது என்று கேட்டார். செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் பெருமாள் சொன்னார்.

"நல்லா ஓடணும்னா கீழ எங்க துரைகிட்டச் சொல்லுங்க, பூட்டித் தருவான். கம்பெனிதான் வேணும்னா வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா பெட்டியத் தட்டிப் பாத்து வாங்குங்க. உள்ள ஆள் இருந்தா, வீட்டுக்குக் கொண்டுபோன அன்னைக்கே கழுத்துல எண்ணெயத் தடவிருங்க. நாள் கடத்தாதீங்க. ரொம்ப அரிக்கும்."

தாமோதரன் வாத்தியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கீழே இறங்கி, மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த குளுகுளு ஷோரூமுக்குப் போய், கூரைவரை அடுக்கிவைத்திருந்த அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று, விற்பனைப் பெண்கள் என்ன வேண்டும் சார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், தேங்காய் வாங்குகிறவரைப் போலக் காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகச் விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனார். மேல் வரிசையிலும் நடு வரிசையிலும் தெர்மாகோல் சத்தம்தான் கேட்டது. கடைசியில் குனிந்து, அடி வரிசையில் மூலையில் இருந்த பெட்டியைத் தட்டியபோது, உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.